போணிக் கண்

மோவாயைக் கிண்ணத்தில் பொருத்தி, நெற்றியைப் பட்டையில் முட்டக் கொடுத்து, "ம், வெளிச்சத்தை அடிம்மா" என்கிறார். மணி ஏழே முக்கால். கண் மருத்துவமனையில் படம் எடுக்கும் அறை இருட்டாக இருக்கிறது. இருட்டில்தான் கண்பாப்பா விரியும். விரிந்தால்தான் அதன் வழியே கண்ணின் பின்சுவரைப் படம் பிடிக்கலாம். இயந்திரத்துக்குள் பச்சையாக ஒரு புள்ளி தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் பளீரென்று அடிக்கும்போது உலகத்தில் எல்லாரும் இமையை மூடிக்கொள்வார்கள். இவர் மூடியதே இல்லை. கேட்டால், "என் பொண்டாட்டி முறைப்பையே நேருக்கு நேர் பாத்தவன்மா நான். இந்த வெளிச்சமெல்லாம் எந்த மூலைக்கு?" என்பார்.

இவர் நோயாளி அல்ல. கூடத்தில் ஆட்களை வரிசைப்படுத்தி அனுப்பும் ஊழியர். வயது ஐம்பத்து நான்கு. தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது இயந்திரத்தை விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போன விதி. வெளிச்சம் சரியா, படம் கூர்மையா, கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு யாராவது ஒருவருடைய கண் வேண்டும். இயந்திரம் வந்து இறங்கிய நாளில் சாவிக்கொத்தோடு அந்தப் பக்கமாகப் போனவர் இவர். "என் கண்ணு சும்மாத்தானே கெடக்கு" என்று உட்கார்ந்தவர், ஆறு வருடமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறார். கைராசிக்காரர் முதல் வியாபாரம் பண்ணினால் அன்றைக்குக் கடை ஓஹோவென்று ஓடும் என்பார்களே, அந்த மாதிரி, தன் கண் போணி பண்ணாத நாளில் இயந்திரம் மக்கர் பண்ணும் என்று கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அவருக்குப் பேரே போணி. போணியண்ணன். சம்பளப் பட்டியலில் இருக்கிற பேரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது.

எட்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிடும். ஒலிபெருக்கி கெட்டுப்போய் நாலு வருடமாகிறது. போணியண்ணன் தொண்டை இருக்கும்போது அதை யார் தேடப்போகிறார்கள்? "சுகர் இருக்கிறவங்க என் வலது கைப்பக்கம்! இல்லாதவங்க இடது கைப்பக்கம்! இருக்கா இல்லையான்னு தெரியாதவங்க மொதல்ல போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க, அப்புறம் பக்கம் பாத்துக்கலாம்!" வலது பக்கத்தார் படம் எடுக்கும் அறைக்குப் போவார்கள். இடது பக்கத்தார் எழுத்துப் பலகையைப் படித்து, கண்ணாடிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவர்களில் யாராவது, "எனக்கும் அந்தப் படம் எடுக்கணுமாங்க?" என்று இழுத்தால், உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்ப்பார். "உங்களுக்கு எதுக்குங்க? சீமான் கண்ணு. போய் நிம்மதியாத் தூங்குங்க." கேட்டவர் வாயெல்லாம் பல்லாகப் போவார். ஏமாற்றி அனுப்புகிறார் என்று சொல்லிவிட முடியாது. சுகர் இல்லாத கண்ணுக்குள் ஒன்றும் வராது என்று அவர் நம்பினார். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அதைத்தான் நம்பினார்கள்.

வீட்டில் சுகர் அவருடைய மனைவிக்கு. பதினான்கு வருடமாக. "எங்க வீட்டுல ஒரு குடித்தனம் இருக்கு. வாடகையும் தராது, காலியும் பண்ணாது" என்று அதைப் பற்றிச் சொல்வார். வருடத்துக்கு ஒரு தடவை மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவரே முன்னால் நின்று படம் எடுக்க வைப்பார். சர்க்கரை டப்பாவை வீட்டிலிருந்து விரட்டிப் பல வருடமாகிறது. தானும் சேர்ந்தே விட்டுவிட்டார். ஆனால் மனிதனுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதே! மதியச் சாப்பாட்டு டப்பாவோடு காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம் வரும். பிரித்தால் உப்பு. சோற்றில் தூவுவார், வெள்ளரிக்காயில் தூவுவார், யாராவது ஆப்பிள் கொடுத்தால் அதிலும் தூவுவார். பார்ப்பவர்கள் முகம் சுளித்தால், "சர்க்கரைக்குத்தான் தடை. உப்பு மேல யாரு கேஸ் போட்டா?" என்று ஒரே போடு.

காலையில் அவர் கிட்டே வந்தால் தைல வாசனை அடிக்கும். பிடரியில் ஒரு வலி. "கூடத்துல கத்துறேன்ல, அதான் மண்டை இடிக்குது" என்று தானே காரணமும் சொல்லிக்கொள்வார். ஊழியர்களுக்கு வருடாவருடம் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறின பையன் மாதிரி காட்டுவார். "தொண்ணூத்திரெண்டு! வெறும் வயித்துல! பாத்துக்க." கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பது அங்கே அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். ஊழியர்களுக்கு அது கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை.

அவருடைய கண்ணை அவரைவிட நன்றாக அறிந்தவள் ஒருத்தி உண்டு என்றால், அது அந்த இருட்டறையில் படம் எடுக்கிறவள். அவளைப் 'படக்காரம்மா' என்று கூப்பிடுவார். வேலையில் சுத்தக்காரி. நோயாளிகளின் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தாலும் விடமாட்டாள். மாடியில் இருக்கும் மருத்துவருக்கு உடனே போன் பறக்கும். ஆனால் காலையில் எடுக்கும் சோதனைப் படம் மருத்துவருக்குப் போவதில்லை. கணினியில் 'சோதனை' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதில் போய்த் தங்கிவிடும். அந்தப் படத்தில் அவள் பார்ப்பது இயந்திரத்தை. மேசைமேல் ஒரு பதிவேடு உண்டு. வெளிச்சம் சரி, கூர்மை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். படத்தில் ஏதாவது பொட்டோ கறையோ தெரிந்தால், அது முன் கண்ணாடியில் படிந்த தூசி. காற்றை ஊதி, தாளால் துடைத்து, 'தூசி. துடைத்தேன்' என்று எழுதுவாள். உடனே மறுபடி எடுத்துப் பார்க்க வழியில்லை, பளீர் வெளிச்சத்துக்குப் பிறகு கண்பாப்பா கடுகாகச் சுருங்கிக்கொள்ளும். அதற்குள் எட்டு மணி ஆகி, முதல் நோயாளி வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய படம் சுத்தமாக வரும். துடைத்தது பலித்தது என்று அவள் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. புதிதாக ஒரு டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பார்க்காமல் குவிந்து கிடந்த படங்களை விடியற்காலையிலேயே வந்து பார்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குவியலில்தான் வெள்ளிக்கிழமை எடுத்த போணியண்ணன் மனைவியின் படமும் இருந்தது. மனைவி வீட்டில் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்று முந்தின நாள் வாசலிலேயே டாக்டரம்மாவை மடக்கிச் சொல்லியிருந்தார். அதனால் டாக்டரம்மாவே நேரில் சொல்லிவிடலாம் என்று படம் எடுக்கும் அறைக்கு வந்தார். போணியண்ணனின் மோவாய் அப்போது கிண்ணத்தில் இருந்தது.

"உங்க வீட்டம்மா படம் பாத்துட்டேன். பதினாலு வருஷ சுகர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு பொட்டு இல்ல. அவ்வளவு சுத்தம்."

தலையை அசைக்க முடியாதே தவிர, வாய்க்கு என்ன தடை? "கேட்டியா படக்காரம்மா! என் கட்டுப்பாடு! அந்தப் பெருமை பூரா எனக்குத்தான்!" வெளிச்சம் அடித்தது. அவ்வளவு சந்தோஷத்திலும் இமை ஆடவில்லை. திரையில் அவருடைய வலது கண்ணின் பின்சுவர் ஆரஞ்சு நிறத்தில் விரிந்தது.

"தூசி டாக்டர், துடைச்சிடறேன்" என்று படக்காரம்மா தாளை எடுத்தாள்.

டாக்டரம்மா கிளம்பாமல் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "இது யாரு படம்? இவருக்கு எத்தனை வருஷமா சுகர்?"

போணியண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "சுகரா? எனக்கா? டாக்டர், நான் இடது கைப்பக்கத்து ஆளு!" சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தும் நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கவில்லை.

"ஏம்மா, தூசி ரத்தக்குழாயை ஒட்டியே உக்காருமா?"

படக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்தவளுக்குத் தாள் கையிலிருந்து நழுவியது தெரியவில்லை. கீழ்ப்பக்கம் ஓடும் குழாயின் ஓரமாகத் தீற்றிவிட்டது போல மூன்று சிவப்புக் கீற்றுகள். கொஞ்சம் தள்ளிப் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெளுத்த ஒரு திட்டு. மெல்லிய குழாய்கள் கம்பியாக இறுகி, தடித்த குழாய்களைக் கடக்கும் இடத்தில் அவற்றை அமுக்கிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் அவள் ஆயிரம் கண்களில் பார்த்திருக்கிறாள். வலது கைப்பக்கத்திலிருந்து வந்த யாருடைய படத்திலாவது இது இருந்திருந்தால் இந்நேரம் மாடிக்கு ஓடியிருப்பாள். போணியண்ணன் கண்ணில் அது தூசியாகத் தெரிந்திருக்கிறது!

டாக்டரம்மா போன் பண்ணியதும் அறுவை சிகிச்சைப் பக்கத்திலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியோடு நர்ஸ் வந்தாள். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். பட்டையை அவிழ்த்து அடுத்த கையில் கட்டினாள். பிறகுதான் சொன்னாள்: "இருநூத்தி இருபது, கீழ நூத்தி முப்பது."

"உங்க மிஷினுக்குக் காலைல போணி ஆகலபோல" என்றார் போணியண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அவர் சொல்லி யாரும் சிரிக்காமல் போனது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சுகர் இல்லன்னா கண்ணுல இது வராதுன்னு யார் சொன்னா?" என்று டாக்டரம்மா கேட்டார். தினமும் தொண்டை கிழியச் சொன்னவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். "சுகரே இல்லாதவங்களுக்கும் வரும். முக்காவாசி பிரஷர்தான் காரணம். உடம்புல கத்தி வைக்காம ரத்தக்குழாயை நேராப் பாக்க முடியற இடம் இது ஒண்ணுதான். இங்கயே இப்படி அடி வாங்கியிருக்குன்னா மூளை, சிறுநீரகம், இதயம் எல்லாத்தையும் பாத்தாகணும். பின்னாடி பக்கவாதம், மாரடைப்புன்னு வர்ற ஆபத்து இவங்களுக்கு ஜாஸ்தி. பார்வை நல்லாத்தானே இருக்குன்னு இவங்களும் வர மாட்டாங்க. சுகர் இல்லையேன்னு நாமளும் தேட மாட்டோம்." பிறகு படக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "பழைய படம் ஏதாவது இருக்கா?"

இல்லாமல் என்ன! உலகத்தில் யாருக்கும் இவ்வளவு இருக்காது. படக்காரம்மா 'சோதனை' கோப்பைத் திறந்து அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனாள். நேற்று. சனிக்கிழமை. போன மாதம். கீற்றுகள் இருந்தன. இன்னும் பின்னால் போனபோது அவை காணாமல் போய், மேல்பக்கம் வேறு இரண்டு வந்தன. அவையும் போய் வேறொன்று. வந்ததும் மறைந்ததுமாக அந்தக் கண்ணுக்குள் எத்தனையோ நடந்திருக்கிறது. தட்டத் தட்டக் கடைசியில் ஒரு படம் சுத்தமாக வந்து நின்றது. பத்தொன்பது மாதம் முந்தைய தேதி. அதற்கு அடுத்த நாள் படத்தில், குழாய் ஓரமாக, மிளகாய் விதை அளவுக்கு ஒரு சிவப்பு.

டாக்டரம்மா மேசைமேல் இருந்த பதிவேட்டைப் புரட்டி அந்தத் தேதியில் விரலை வைத்தார். 'தூசி. துடைத்தேன்.' கீழே அவளுடைய கையெழுத்து. பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் தூசி. அதற்கடுத்த பக்கத்திலும் தூசி. ஓரிடத்தில் மட்டும் மாற்றி எழுதியிருந்தது: 'தூசி குறையவில்லை. இரவில் ஏசியிலிருந்து படிகிறது போலும். வடிகட்டியை மாற்ற வேண்டும்.' வடிகட்டியை மாற்றியும் இருக்கிறார்கள். முக்காலிமேல் ஏறி நின்று அதைக் கழற்றி மாட்டியவர் சாட்சாத் போணியண்ணன்தான். கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டவள் அவள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

"அண்ணே..." என்றாள். பதிவேட்டின் மேல் கண்ணீர் சொட்டியது.

"எதுக்கும்மா அழற? நீ மிஷினப் பாத்த. உனக்குச் சம்பளம் அதுக்குத்தான். நானும்தான் தெனமும் எந்திரிச்சு அந்த ஸ்கிரீனைப் பாத்துட்டுப் போனேன். அடேயப்பா, நம்ம கண்ணு என்னா அழகுன்னுதான் நெனச்சேன்." சொல்லிக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்தார். வெளியே கூடத்தில் சத்தம் ஏறியிருந்தது. மணி எட்டு பத்து. "வரிசை போட்டுட்டு வந்துடறேன் டாக்டர், ரெண்டு நிமிஷம். ஜனங்க முட்டிக்கும்."

டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "இந்த பிரஷரோட நீங்க போய் அங்க கத்தினா என்ன ஆகும்னு தெரியுமா? நடக்கவே கூடாது. சக்கர நாற்காலி வருது. நேரா பெரிய ஆஸ்பத்திரி. ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் என்ன நடக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அப்போதுதான் அவர் முகத்தில் பயம் வந்தது. சட்டென்று ஒரு சுற்று மெலிந்துவிட்ட மாதிரி இருந்தார். கதவுத் திரை இடுக்கில் கூடத்தின் இடது பக்கத்துப் பெஞ்சுகள் தெரிந்தன. அன்றைக்கு இன்னும் யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. எல்லாரும் கலந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பேன் டாக்டர்?"

"எல்லாருக்கும் இருக்காதுங்க."

"இருந்திருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "சிலருக்கு இருந்திருக்கும்" என்றார். அப்புறம், "அதை நாளைலேருந்து நான் பாத்துக்கறேன். மொதல்ல உங்க வீட்டுக்குச் சொல்லிடுங்க. ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட வரணும்."

போணியண்ணன் கைப்பேசியை எடுத்தார். கூடத்துச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ஒலியை எப்போதும் முழுக்க ஏற்றி வைத்திருப்பார். அதனால் அந்தச் சின்ன அறையில் மணி போவதும், அவர் மனைவி எடுப்பதும் எல்லாருக்கும் கேட்டன.

"சொல்லுங்க. டாக்டர் படத்தைப் பாத்துட்டாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியே தேவைப்படாத அந்தத் தொண்டையில் காற்றுகூட வரவில்லை.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

அவர் கண் திரையில் நின்ற படத்துக்குப் போனது.

"ஐயோ, பேச மாட்டேங்கறீங்களே. என் கண்ணுல வந்துடுச்சா?" மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது அந்தக் குரல் இறங்கி, நிதானமாகியிருந்தது. "வந்தா வந்துட்டுப் போகுது. பதினாலு வருஷமா எதிர்பாத்ததுதானே? எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க. உங்க ஒடம்பு நல்லா இருக்குல்ல, அது போதும் எனக்கு. சொல்லுங்க, என்ன சொன்னாங்க?"

அவிழ்க்க மறந்த பட்டை அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அது கேட்டுக்கொண்டே இருக்க, இரண்டு கையாலும் பிடித்து, படக்காரம்மாவின் முன்னால் நீட்டினார்.